டூல் விளக்கத்தில் குற்றங்கள்: குள்ளஞ்சாவடியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக் களமாகக் குள்ளஞ்சாவடி ஏன் என்று அறிஞர்கள் கேட்கக்கூடும். கடலூர்–விருத்தாசலம் சாலையில், வடலூருக்கு முன்னால் உள்ள ஊர் இது. இங்கே பஸ் ஏறி "நெய்வேலி ஒண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் உடனே டிக்கெட் கிழிக்க மாட்டார், "டவுன்ஷிப்பா, மந்தாரக்குப்பமா?" என்பார். விலை உயர்ந்த ஏஐ ஏஜென்ட்டுகள் பல இன்னும் இந்த நிலையை எட்டவில்லை. அதற்குக் காரணம் ஏஜென்ட் அல்ல, அது பயன்படுத்தும் மென்பொருள் கருவிகளுக்கு, அதாவது டூல்களுக்கு, விளக்கம் எழுதிக்கொடுத்த புண்ணியவான் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முதலில் பின்னணி. ஏஜென்ட்டுகளை வெளி மென்பொருள்களோடு இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறையின்படி, ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் தர வேண்டும் என்ற பட்டியல் ஆகியவை ஏஜென்ட்டிடம் போகின்றன. பின்னால் ஓடும் நிரல் அதன் கண்ணில் படுவதில்லை. விளக்கத்தில் இல்லாதது ஏஜென்ட்டைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

இனி இலக்கணம். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. முனிவர் ஜிரா என்ற பணிக்கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்தியதற்குக் கல்வெட்டுச் சான்று இதுவரை கிடைக்கவில்லை. ஆனாலும் பத்தும் அச்சாகப் பொருந்துகின்றன.

குன்றக் கூறல். நெய்வேலிச் சுரங்கத்து கன்வேயர் பெல்ட்டுக்கு ரோலர் மாற்றித் தரும் குள்ளஞ்சாவடி ஒப்பந்ததாரர் ஒருவர் தம் வேலைகளை ஜிராவில் டிக்கெட்டுகளாகப் பதிந்து வைத்திருப்பதாகக் கொள்வோம். "ரோலர் மாத்தியாச்சு, முடிச்சதா போட்டுடு" என்று ஏஜென்ட்டிடம் சொல்கிறார். டூல் விளக்கத்தில் இருப்பதோ "டிக்கெட்டைத் திருத்தும்" என்ற இரண்டே சொல். ஏஜென்ட் அந்த வழியில் டிக்கெட்டின் நிலையை மாற்றப் பார்க்கும், ஜிரா மறுக்கும். அங்கே நிலைமாற்றத்துக்குத் தனி வாசல்: இப்போதுள்ள நிலையிலிருந்து எங்கெல்லாம் போகலாம் என்று கேட்டு, வரும் எண்ணைத்தான் திருப்பித் தர வேண்டும். இது தெரியாத ஏஜென்ட், "வேலை முடிந்தது" என்று கமென்ட் பகுதியில் எழுதிவிட்டு, முதலாளியிடம் வெற்றிச் செய்தி சொல்லக்கூடும். மனிதர்களும் இதைச் செய்வதுண்டு. அது தனி ஆய்வு.

"முருகன்கிட்ட கொடு" என்பதும் இவ்வகையே. 2019 முதல் ஜிரா கிளவுட் பயனர்பெயரை ஏற்பதில்லை, கணக்கு ஐடிதான் கேட்கும். கடலூர் மாவட்டத்து சைட் ஒன்றில் முருகன்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறேன். 'பெயரைத் தேடு, ஒருவருக்கு மேல் வந்தால் நீயாக ஒருவரைத் தேர்ந்தெடுக்காதே, கேள்' என்று எழுதினால் கண்டக்டர் பாடம் முடிந்தது.

மயங்க வைத்தல். டிரெல்லோ என்ற வேலைப்பலகை மென்பொருளின் உள்மொழியில் ஒரு கார்டை, அதாவது ஒரு வேலைக் குறிப்பை, மூடுவது என்றால் அதை ஆவணப்பெட்டிக்குள் தள்ளுவது. வேலை முடிந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. முடிக்க ஒன்று, மூட ஒன்று, நீக்க ஒன்று என மூன்று டூல்களை வைத்து, மூன்றுக்கும் "கார்டைக் கையாளும்" என்றே எழுதியிருந்தால், முடிக்கச் சொன்ன கார்டு பலகையிலிருந்தே மறைந்துபோகும். அடுத்த ஷிப்ட் மேஸ்திரி அதைத் தேடித் தலையைச் சொறிவார்.

மிகைபடக் கூறலுக்குப் பவணந்தியார் அபராதம் விதிக்கவில்லை. இக்காலத்தில் அது, ஏஜென்ட் படிக்கும் சொல்துண்டுகளான டோக்கன்களின் கணக்கில் வசூலாகிறது. 'புரட்சிகரமான ஒருங்கிணைந்த தீர்வு' என்ற விளம்பரச் சொற்களும் ஏஜென்ட்டின் ஒவ்வொரு அழைப்போடும் சவாரி செய்கின்றன.

சான்றுக்கு ஒரு நல்ல விளக்கம்: "டிக்கெட்டின் நிலையை மட்டும் மாற்றும். தலைப்பையோ விவரத்தையோ மாற்ற இதைப் பயன்படுத்தாதே. அதற்குத் திருத்தும் டூல் உண்டு. முதலில் நிலைப்பட்டியல் டூலை அழைத்து, அதில் வந்த எண்ணையே கொடு. பிழை வந்தால் பயனரிடம் சொல். கமென்ட்டில் எழுதிச் சமாளிக்காதே." இதில் 'பயன்படுத்தாதே' என்ற வாக்கியத்துக்குத்தான் மதிப்பு அதிகம். எழுதுபவர்கள் விட்டுவிடுவதும் அதைத்தான்.

எஞ்சிய ஏழு குற்றங்களை இங்கே விரித்தால் அதுவே எட்டாவதாகிவிடும். வாசகர்கள் தத்தம் அலுவலக டூல் பட்டியலில் அவற்றைத் தேடிக்கொள்ளலாம், கட்டாயம் கிடைக்கும்.