கொஞ்சம் இங்கிலீஷ் பார்த்துக் கொடுங்க

அலுவலகத்தில் சம்பளமில்லாத பதவி ஒன்று எனக்கு உண்டு. யாராவது காகிதத்தை நீட்டி, "சார், இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்பார்கள். பார்க்கத்தான் சொன்னார்கள், மாற்றச் சொல்லவில்லை என்பது மாற்றிக் கொடுத்த பிறகு அவர்கள் முகத்தில் தெரியும்.

லீவு லெட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டது. தமிழ்நாட்டில் கால் முறிந்தவனுக்கும் லெட்டரில் காய்ச்சல்தான். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அப்படி அரைப் பக்கம் எழுதி வந்தான். 'உடம்பு சரியில்லை, இரண்டு நாள் லீவு வேண்டும்' என்று ஒரே வரியில் ஆங்கிலமாக்கிக் கொடுத்தேன். "மிரட்டுற மாதிரி இருக்கு சார்" என்று பழையதையே கொடுத்துவிட்டுப் போனான்.

ஆனால் உண்மையான சோதனை செயப்பாட்டுவினை. முடிந்தவரை அதைத் தவிர்க்கச் சொல்லி ஜார்ஜ் ஆர்வெல் 1946-லேயே எழுதியிருக்கிறார். அந்த தைரியத்தில், மானேஜரின் சர்க்குலரில் கை வைத்தேன். 'இட் ஹாஸ் பீன் டிசைடட் டு ஸ்டாப் ஈவினிங் டீ.'

"முடிவு பண்ணது யாரு சார்? பேரைப் போட்டா வாக்கியம் நிமிர்ந்துடும்."

மானேஜர் மேல்மாடியைப் பார்த்தார். "அவர் பேரா? வேண்டாம்."

"அப்போ 'வி'ன்னு போட்டுடலாமா?"

"அதுல நானும் வந்துடுவேனே!"

"'ஐ'?"

என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த சர்க்குலர் என்னைப் பற்றியதாகவே இருக்கும் போலிருந்தது. சாயங்கால டீ யாராலும் நிறுத்தப்படாமலே நின்றுபோனது. ஆர்வெலுக்கு எங்கள் மேல்மாடி தெரியாது.

இந்த நடையை நமக்குக் கற்றுக் கொடுத்தவர்களின் கதை இன்னும் வேடிக்கை. தங்கள் அதிகாரிகளின் ஆங்கிலத்தைத் திருத்த பிரிட்டிஷ் நிதித்துறையே கேட்டு, எர்னஸ்ட் கவர்ஸ் என்ற மூத்த அதிகாரி 'ப்ளெயின் வேர்ட்ஸ்' என்று ஒரு சின்ன நூல் எழுதினார். சுற்றி வளைக்காதே, வந்தவனுக்குப் புரிகிற மாதிரி பதில் சொல் என்பதுதான் சாரம். வெளிவந்த ஆண்டு 1948. 1947 ஆகஸ்டில் நோயை நம்மிடம் ஒப்படைத்தார்கள். மறு வருஷமே அவர்கள் பத்தியம் இருக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாம் இன்னும் 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று, ஒரு தகவல் சொல்வதற்குக்கூடப் பிச்சை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சென்ற வாரம் லிஃப்ட் நின்றுபோனது. சர்வீஸ்காரர்களுக்கு எழுதிய கடிதம் என்னிடம் வந்தது. ஒன்றரைப் பக்கத்தை மூன்று வரியாக்கினேன்: லிஃப்ட் ஓடவில்லை, மூன்றாவது மாடியில் நிற்கிறது, நாளைக் காலை ஆள் அனுப்புங்கள். எனக்கே பெருமையாக இருந்தது. கிளார்க் மேலும் கீழும் படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"'கைண்ட்லி டு தி நீட்ஃபுல்' எங்கே சார்?"

"எடுத்துட்டேன். என்ன செய்யணும்னுதான் தெளிவா எழுதியிருக்கே."

"அது சரி சார். ஆனா அது இல்லாம அவங்க எப்படி சார் செய்வாங்க?"