இல்லாததற்கு டிக்கெட்

ஸ்காட்லாந்துக்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய வியாபாரம் ஒன்று உண்டு. கையில் சரக்கே இல்லாமல் கடை நடத்துவது. இடிந்த கோட்டைக்கு டிக்கெட், யார் கண்ணிலும் சிக்காத பிராணியைத் தேடப் படகுச் சவாரி. மலையைப் பார்க்க மட்டும் காசில்லை. மேகம் மூடியிருப்பதால் அதுவும் தெரியாது.

மான்செஸ்டரில் இருக்கும் மகன்தான் எங்களை ஹைலேண்ட்ஸ் பக்கம் கூட்டிப்போனான். காரில் அவன், மருமகள், பேத்தி, நான், என் மனைவி, அவள் மடியில் புளிசாதம்.

முதலில் லாக் நெஸ் ஏரிக்கரையில் அர்க்கர்ட் கோட்டை. போனவுடன் ஒரு சின்ன அரங்கில் உட்காரவைத்துப் படம் போட்டார்கள். ராஜாக்கள் வந்தார்கள், கோட்டை கைமாறியது, மறுபடி கைமாறியது. படம் முடிந்ததும் திரை மெல்ல விலக, கண்ணாடிக்கு அப்பால் நிஜக் கோட்டை! கூட்டம் 'ஆ' என்றது. என் மனைவி மட்டும், "ஏங்க, கூரை எங்க?" என்றாள்.

நியாயமான கேள்வி. 1692-ல் இங்கே காவல் இருந்த அரசுப் படை, தாங்கள் போன பிறகு, பட்டம் பறிபோன ராஜாவின் பக்கம் நின்ற ஜாகோபைட் கலகக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று, கிளம்பும்போது வாசல் கோபுரத்துக்கு வெடி வைத்துவிட்டது. வீட்டைக் காலி செய்யும்போது பல்பைக் கழற்றிக்கொண்டு போகும் குடித்தனக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் அந்த ஜாதியில் மூத்தவர்கள். அன்று விழுந்த பாளங்கள் இன்னும் வாசலருகிலேயே கிடக்கின்றன. மூன்று நூற்றாண்டாக அள்ளாமல் போட்டுவைத்தால் குப்பைக்கும் மரியாதை வந்துவிடுகிறது. ஒருவர் மண்டியிட்டு அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

பேத்திக்குக் கோட்டை ஒரு பொருட்டே இல்லை. "தாத்தா, நெஸ்ஸி எப்ப வரும்?"

யார் கண்ணிலும் சிக்காத அந்தப் பிராணிக்குத்தான் இந்தச் செல்லப் பெயர். ஏரியைப் பார்த்தால் வரும் என்றுதான் தோன்றும். சுமார் 37 கிலோமீட்டர் நீளம், 230 மீட்டர் ஆழம். இங்கிலாந்து, வேல்ஸ் ஏரிகளின் தண்ணீரையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாலும் இது நிரம்பாதாம். மலைகளிலிருந்து பீட் மண் கரைந்து வருவதால் தண்ணீர் கறுத்துக் கிடக்கிறது. ஒளிந்துகொள்ள நினைக்கும் பிராணிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பிராணியே இல்லாவிட்டால் இன்னும் வசதி.

1934-ல் ஒரு லண்டன் டாக்டர் எடுத்ததாக டெய்லி மெயிலில் வந்த படத்தில், நீண்ட கழுத்தைத் தூக்கிக்கொண்டு அது நீந்தியது. கடையில் வாங்கிய பொம்மை நீர்மூழ்கியில் கழுத்தை ஒட்டவைத்து எடுத்த படம் அது என்று 1994-ல் தெரிந்தது. உலகமே அறுபது வருஷம் நம்பியிருக்கிறது, ஆறு வயதுக் குழந்தையை என்ன சொல்வது? 2018-ல் நியூசிலாந்து விஞ்ஞானிகள் ஏரித் தண்ணீரை மொண்டு மரபணுச் சோதனையே செய்துவிட்டார்கள். ஊர்வன எதுவும் இல்லை, விலாங்கு மீன்தான் ஏராளம் என்று முடிவு வந்தது. மகன் இதைச் சொல்லத் தொடங்கியதும் மருமகள் முறைத்தாள். பேத்தி அசரவில்லை. "அப்ப அது ரொம்பப் பெரிய விலாங்கு." ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்.

அடுத்து ஐலன் டோனன். மூன்று கடலேரிகள் கூடும் இடத்தில் குட்டித்தீவு, கல்பாலம், மேலே கூரை உட்பட முழுசாகக் கோட்டை. "இதுதான் கோட்டை" என்று மனைவி சான்றிதழ் கொடுத்தாள். அங்கேதான் விஷயம். 1719-ல் அதே ஜாகோபைட்டுகளுக்குத் துணையாக வந்த ஸ்பானிய வீரர்கள் உள்ளே வெடிமருந்தைக் குவித்து வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை கோட்டையைப் பிடித்து, அந்த மருந்தாலேயே தகர்த்தது. அப்புறம் வெறும் கல்மேடுதான். 1912-ல் தொடங்கிய மறுகட்டுமானம் 1932-ல் முடிந்தது. நாங்கள் வாய்பிளந்து பார்த்தது என் அப்பாவைவிட இளைய கட்டடம்.

"அதனால என்ன, ஷாருக்கானும் காஜோலும் ஆடின இடமாச்சே!" 'குச் குச் ஹோதா ஹை' இந்திப் படம் என் மனைவிக்கு மனப்பாடம். அதே இடத்தில் படம் எடுத்தாக வேண்டும் என்று பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். மேலே மகனின் ஜெர்கின், தலையில் குரங்குக் குல்லாய். புடவை நாலு விரற்கடை தெரிந்தது.

நான் செல்போனைத் தூக்கவும் காற்று நிற்கவும் சரியாக இருந்தது. மிட்ஜ் கிளம்பிவிட்டது. கொசுவுக்குத் தூரத்துச் சொந்தம், கடுகளவுகூட இல்லை, ஆனால் ஊர்வலமாகத்தான் வரும். நம் மூச்சுக்காற்றை மோப்பம் பிடித்து வரும் என்கிறார்கள். அப்படியானால் தப்பிக்க ஒரே ஒரு வழிதான், அதைச் செய்தால் ஊர் திரும்ப முடியாது. உள்ளூர்க்காரர்கள் முகத்துக்கு வலைபோட்டுக்கொண்டு சாவதானமாக நடந்தார்கள். நிச்சயமாக இருக்கிற ஒரே பிராணி, அதற்கு ஒரு பொம்மைகூட எந்தக் கடையிலும் கண்ணில் படவில்லை.

படத்தில் மனைவி ஒரு காலை உதறி, இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசிக்கொண்டிருந்தாள். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும், "சித்தி, செம ஸ்டெப்!" என்று எழுதினாள் அவள் அக்கா மகள்.

"காஜோலும் இதுக்குத்தான் ஆடியிருப்பா" என்றாள் மனைவி, கழுத்தைச் சொறிந்தபடி.