வடம் பிடித்தவருக்கு எடை தெரியும்

பத்து நாளாக வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வண்டியைப் பற்றியவை. பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்கு வருகிற கார்கள் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போகின்றன. தெரு மட்டும் அதே அகலம். ஆகவே இந்த வாரம் முழுக்க எடையும் வேகமும்தான்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கார் என்றால் குறைந்தது 500 பிஎச்பி வேண்டாமா?
(கல்லூரி மாணவர், ஏனாத்தூர்)

வேண்டாம். குதிரைகளை எண்ணுமுன் அவை இழுக்கிற பாரத்தைப் பாருங்கள். 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் காரின் எடை சுமார் 725 கிலோ, சக்தி 118 பிஎச்பி. டன்னுக்கு 163 வருகிறது. 2,100 கிலோ எடையுள்ள ஓர் எஸ்யூவிக்கு 200 பிஎச்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், டன்னுக்கு 95-தான். பெரிய எஞ்சின் தன் உழைப்பில் பெரும்பகுதியைத் தன் உடம்பைச் சுமக்கவே செலவிடுகிறது. லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மன் வாழ்நாள் முழுக்க விடாமல் பிடித்த கொள்கை இது. கூடுதல் சக்தி நேர் ரோட்டில் மட்டும் உதவும். குறைந்த எடை கிளம்பும்போதும் திரும்பும்போதும் நிற்கும்போதும் உதவும்.

கேள்வி: புல்லட்டா, ஆர்எக்ஸ் 100-ஆ?
(மெக்கானிக், ஓரிக்கை)

கணக்கைப் பாருங்கள். இன்றைய புல்லட் 350: 20 பிஎச்பி, 195 கிலோ. பழைய ஆர்எக்ஸ் 100: 11 பிஎச்பி, நூறு கிலோவை ஒட்டிய எடை. எடைக்கு எடை இரண்டும் ஏறக்குறைய சமம். 98 சிசி எஞ்சின் 349 சிசிக்கு ஈடு கொடுத்ததன் ரகசியம் அதுதான். புல்லட் நம் மாவட்டத்து ஒரகடம், வல்லம் பக்கம் பிறக்கிற வண்டி; அதன் நிதானத்துக்கு ஓர் அழகு உண்டு. சிக்னலில் முந்துவதற்கு மட்டும் அதை வாங்காதீர்கள்.

கேள்வி: பெரிய வண்டியில் போனால்தான் குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்கிறார் என் வீட்டுக்காரர். சரிதானா?
(இல்லத்தரசி, செவிலிமேடு)

பாதி சரி. 800 கிலோ காரும் 2,400 கிலோ எஸ்யூவியும் தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? இரண்டும் சேர்ந்து எஸ்யூவி போன திசையிலேயே 25 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். எஸ்யூவியில் இருப்பவருக்கு வேக மாற்றம் 25. சின்னக் காரில் இருப்பவருக்கு 75. அதாவது மூன்று மடங்கு அதிர்ச்சி. எதிரே வந்தவரின் பங்கிலிருந்து எடுத்துக்கொண்ட பாதுகாப்பு அது. அவரும் ஒரு குடும்பத்தோடுதான் வந்திருப்பார். புளியமரத்தில் மோதினால் அந்தச் சலுகையும் கிடையாது. அங்கே சீட் பெல்ட்டும் ஏர்பேகும் வண்டியின் கட்டுமானமும்தான் காப்பாற்றும். உயரமான வண்டி சட்டென்று ஒடித்துத் திருப்பினால் கவிழவும் வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: பின் சீட்டிலும் பெல்ட் போடட்டும். வண்டியை மாற்றுவதைவிட அது பெரிய பாதுகாப்பு.

கேள்வி: நம் ஊர்த் தேரைவிடக் கனமான வண்டி உண்டா? தேரைக் கும்பிடுகிறவர் எஸ்யூவியைக் குறை சொல்லலாமா?
(வாசகர், மேற்கு ராஜ வீதி)

நல்ல கேள்வி. பங்குனி உத்திரத் திருவிழாவில் ஏகாம்பரநாதர் தேருக்குப் பத்து வயதில் தாத்தா பக்கத்தில் நின்று வடம் பிடித்தேன். முதல் இழுப்பில் தேர் அசையவே இல்லை. உள்ளங்கை எரிந்தது. இரண்டாவது இழுப்பில் எங்கோ மரம் முனகியது. மூன்றாவதில் வடம் உயிர் வந்தது போல் முன்னே ஓடியது. கிளப்ப அத்தனை பேர் தேவைப்பட்ட அந்தத் தேரை நிறுத்தியது யார் தெரியுமா? சக்கரத்தின் ஓரமாக, கையில் முட்டுக்கட்டையோடு நடந்துவந்த சிலர்.

வீதி திரும்பும் இடத்தில் ஒருவர் ஆள் உயரச் சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுப்பார். அந்தப் பக்கம் தேர் தயங்கும், மறுபக்கம் வளையும். ஸ்டீயரிங்கும் அதுதான், பிரேக்கும் அதுதான். கட்டை தேயும்போது மரம் கருகுகிற வாசனை வரும். நகர்ந்த எடை சூடாக மாறுகிற வாசனை அது. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் இடைஞ்சல். ராஜ வீதியில் அது உயிர்காப்பு.

திருவாரூர் ஆழித் தேர் இன்னும் பெரிது: 96 அடி உயரம், சுமார் 300 டன். அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. தேருக்கும் எஸ்யூவிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டீர்கள். தேர் வருஷத்தில் ஒரு நாள், ஆள் நடக்கும் வேகத்தில், ஊரே வழிவிட்டு நிற்க, ஒவ்வொரு சக்கரத்துக்கும் காவலோடு வரும். அந்த எடைக்கு அத்தனை மரியாதையும் எச்சரிக்கையும் காட்டியவர்கள் நம் முன்னோர்.

கேள்வி: எடை கூடினால் பிரேக் பிடிக்காதா?
(வேன் ஓட்டுநர், வாலாஜாபாத்)

பிடிக்கும். டயரும் பிரேக்கும் சரியாக இருந்தால், நிற்கும் தூரம் எடையால் பெரிதாக மாறாது. ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு மாறும். எடை இரண்டு மடங்கானால் சூடும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இந்தக் கணக்கு தெரியும். கியரைக் குறைத்து எஞ்சினால் பிடியுங்கள். பிரேக் மூச்சு வாங்கட்டும்.

கேள்வி: தமிழ்நாட்டில் எப்போதாவது ஸ்போர்ட்ஸ் கார் செய்தோமா?
(பொறியியல் மாணவர், திருப்புட்குழி)

வாசல் வரை போனோம். ஒரு முறை உள்ளேயும் போனோம்.

வாசல் வரை போனது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் 1961 முதல் செய்த கார். 948 சிசி எஞ்சின். இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கி 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இலேசான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அக்காள் நம் ஊரில் குடித்தனம் நடத்தினாள், தங்கை அங்கே பந்தயம் ஓடினாள். ஹெரால்டின் பெரிய குணம், 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். நம் தெருக்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல.

உள்ளே போனவர் கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒற்றை சீட் பந்தயக் கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். 796 சிசி, 40 பிஎச்பிகூட இல்லாத குடும்ப எஞ்சின். உடம்பைக் குறைத்ததும் அது பறந்தது. நாராயண் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். 2005-இல் அவர் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். கார்த்திகேயன் ஃபார்முலா 1-இல் ஓட்டியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கோவையில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. விலை மலிந்த ஒரு சின்ன எஞ்சினில் ஒரு தலைமுறைக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர். பாடப் புத்தகத்தில் இடம்பெற வேண்டிய பெயர்.

கேள்வி: நடிகர் அஜித் ஓட்டுவது பலமான கார்தானே?
(ரசிகர், ரங்கசாமி குளம்)

பலமான கார்தான்; கொழுப்பு இல்லாத பலம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி போர்ஷே 911 காரில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. பந்தயத்துக்கென்றே செய்கிற 911 ஜிடி3 கப் காரின் எடை சுமார் 1,260 கிலோ. பின் சீட், கம்பளம் என்று பந்தயத்துக்கு வேண்டாத எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். 2002-இல் அஜித் ஓட்டியதும் ஃபார்முலா மாருதிதான். ரசிகர்கள் அவரிடமிருந்து ஒன்று கற்கலாம்: வேகத்துக்கு அவர் தடத்தைத் தேடிப் போகிறார்.

கேள்வி: வேகமாக ஓட்ட நாங்கள் எங்கே போவது? பைபாஸில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கிறது.
(நான்கு நண்பர்கள், சுங்குவார்சத்திரம்)

பிடிக்கட்டும், அவர்கள் உங்கள் உயிரைத்தான் பிடித்து வைக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து அரை மணியில் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1990 முதல் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் பந்தயம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்தது. தடத்தில் எதிரே மாட்டுவண்டி வராது, பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே வராது. முதலில் போய்ப் பாருங்கள். திருப்பத்தில் யார் நேரம் மிச்சம் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். கால் அழுத்துகிறவர் அல்ல, கால் எடுக்கத் தெரிந்தவர்.

கேள்வி: எங்கள் தொழிலில் கனமான பட்டுதான் உயர்ந்தது. காரில் மட்டும் ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள்?
(பட்டு வியாபாரி, காந்தி ரோடு)

உங்கள் தொழிலே எனக்குச் சாட்சி. கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் வேகவைத்துப் பசை நீக்கும்போது எடையில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். போன பிறகுதான் மினுமினுப்பு வருகிறது, சாயம் பிடிக்கிறது, இழை கையில் வழுக்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய ஆலைகள் போன எடையை ஈடுகட்ட வெள்ளீய உப்பை இழையில் ஏற்றின. துணி கனத்தது, சலசலத்தது, நல்ல விலைக்குப் போனது. சில வருஷத்தில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது.

நம் காஞ்சிப் பட்டின் கனம் முறுக்கிய இழையிலிருந்தும் ஜரிகையின் வெள்ளியிலிருந்தும் வருகிறது. காரணம் உள்ள கனம். காரிலும் அப்படியே: அடிச்சட்டத்துக்கும் பிரேக்குக்கும் எடை தரலாம், தோரணைக்குத் தரும் எடை வெள்ளீய உப்பு.

கேள்வி: எங்கள் தெருவில் பெரிய கார் வரக் கூடாது என்று போர்டு வைக்கலாமா?
(நெசவாளர், பிள்ளையார்பாளையம்)

உங்கள் தெருவில் நான் நேரில் பார்த்ததை எழுதுகிறேன். விடிகாலை, வெயில் ஏறுமுன். மூன்று சேலைக்கான பாவு நூல் தெரு நீளத்துக்கு நீட்டியிருக்கிறது, அரக்கு நிறம். ஒரு அம்மா அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுகிறார்; கண் அந்த ஒரு இழையில். ஒரு ஸ்கூட்டர்காரர் இறங்கி, எஞ்சினை அணைத்து, சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அடுத்து ஒரு பெரிய எஸ்யூவி வந்தது. ஓட்டுநர் நல்ல மனிதர், ஹாரன்கூட அடிக்கவில்லை. ஆனாலும் அவருக்கு வழியே இல்லை. பாவைச் சுருட்டினார்கள், அவர் போனார், மறுபடி நீட்டினார்கள். அரை மணி வேலை போயிற்று, இரண்டு இழை அறுந்தது.

போர்டு வைப்பதைவிட, காலை பாவு நேரத்துக்குத் தெருவை மூடச் சொல்லி மாநகராட்சியிடம் தெருவாகச் சேர்ந்து மனுக் கொடுங்கள். தேருக்கு வீதியை மூடுகிற ஊர் பாவுக்கும் மூடலாம்.

கேள்வி: எலெக்ட்ரிக் வந்தால் எடைப் பிரச்சினை தீருமா?
(ஆசிரியை, உத்திரமேரூர்)

புகை தீரும். எடை கூடும். அமெரிக்காவின் ஹம்மர் எலெக்ட்ரிக் நான்கு டன்னைத் தாண்டியது. அதன் பேட்டரி மட்டுமே சுமார் 1,300 கிலோ, இரண்டு மாருதி 800 எடை. சாலைக்கும் அது பாரம்: அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் சாலைத் தேய்மானம் ஏறத்தாழ 16 மடங்கு ஆகும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. சின்ன வண்டி, சின்ன பேட்டரி, தினசரி ஓட்டத்துக்குப் போதுமான தூரம்: அந்த வழிதான் நமக்கு ஆகும்.

கேள்வி: அரசு எடைக்கு வரி போடலாமே?
(ஓய்வுபெற்ற தாசில்தார், பெரிய காஞ்சிபுரம்)

போடலாம், போட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருக்கும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40. நீளத்தையும் சிசியையும் அளக்கிறோம், தராசில் ஏற்றுவதில்லை. பாரிஸ் நகரம் 2024 அக்டோபரில் கனமான வெளியூர்க் கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்கியது: 1.6 டன்னுக்கு மேல், எலெக்ட்ரிக் என்றால் 2 டன்னுக்கு மேல். முகூர்த்த நாளில் காந்தி ரோட்டில் இதைச் செய்தால் கடைக்காரர்களே வாழ்த்துவார்கள்.

கேள்வி: நாங்கள் வீட்டில் ஏழு பேர். எங்களையும் திட்டுவீர்களா?
(வாசகர், ஐயம்பேட்டை)

ஒருபோதும் இல்லை. ஏழு பேரைச் சுமக்கிற எடை உழைக்கிற எடை. ஒருவர் தனியே காபித்தூள் வாங்க இரண்டு டன்னைக் கிளப்புவதைத்தான் கேட்கிறேன்.

கேள்வி: நல்ல வண்டிக்கு என்ன அடையாளம்?
(புதிதாகக் கார் வாங்கப் போகிறவர், சின்ன காஞ்சிபுரம்)

வடம் பிடித்தவருக்குத் தேரின் எடை உள்ளங்கையில் தெரியும். பெரிய எஞ்சினின் குறை, அந்த எடையை ஓட்டுகிறவரிடமிருந்து மறைத்துவிடுவது. ஆக்சிலேட்டரில் இருக்கும் காலுக்கு இரண்டு டன் தெரிவதில்லை. தெருவுக்குத் தெரியும், எதிரே வருகிறவருக்குத் தெரியும். இலேசான கார் எதையும் மறைக்காது. சாலையில் கிடக்கும் சின்னக் கல்கூட ஸ்டீயரிங்கில் வந்து சொல்லும். ஓட்டுவதில் உள்ள சந்தோஷம் அங்கேதான்.

வாங்குமுன் ஷோரூமைச் சுற்றி ஓட்டிப் பார்க்காதீர்கள், உங்கள் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாசலில் நிறுத்துங்கள். எதிர்வீட்டுக்காரர் பாவு நீட்ட இடம் மிச்சம் இருந்தால், அட்வான்ஸ் கொடுங்கள்.