சூரியனுக்கு எதற்குச் சூப்பர் கணினி?

கேள்வி: நாள் முழுக்க வெயிலில் காய்கிறோம். சூரியனை அறியச் சூப்பர் கணினி எதற்கு?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: காய்வதற்குத் தேவையில்லைதான்! 2019 டிசெம்பர் 26இல் உங்கள் ஊரில் தெரிந்த கங்கண சூரிய கிரகணத்தின் நேரத்தைக் கணிக்கக்கூடப் பேனாவும் தாளும் போதும். ஆனால் சூரியன் கட்டியான பந்து அல்ல. அதன் நடுக்கோட்டுப்பகுதி ஒரு சுற்றுச் சுற்றச் சுமார் 25 நாள். துருவப்பகுதிக்குச் சுமார் 35 நாள். இந்த இழுபறியில் முறுக்கேறும் காந்தப்புலத்தைத் தாளில் தீர்க்க முடியாது. 2017 ஓகஸ்ட் முழுக்கிரகணத்துக்கு முன்பே, மறைந்த சூரியனைச் சுற்றி ஒளிமகுடம் எப்படித் தெரியும் என்று இந்தக் காந்தப்புலத்தை வைத்து நாசாவின் சூப்பர் கணினியில் ஆய்வாளர்கள் கணித்து வெளியிட்டார்கள். சூரியனைத் தாண்டி, விண்மீன் மண்டலங்களின் அசைவை அறியவும் சூப்பர் கணினி வேண்டும். அவையோ மகா சோம்பேறிகள். நம் மண்டலமான பால்வெளியின் மையத்தைச் சூரியன் ஒருமுறை சுற்றிவரவே 20 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். அவ்வளவு காலம் காத்திருக்க உங்களுக்கு வசதியென்றால், கணினி வேண்டாம்!