கரிக்கும் ஒரு கணக்கு: வாசகர் கேள்வி-பதில்

புவி சூடாகக் கரியமில வாயுதானே காரணம்? புகைக்கரியை ஏன் சேர்க்கிறீர்கள்? (திருச்சி)

கறுப்புச் சட்டையோடு உச்சி வெயிலில் நடந்து பாருங்கள், விடை கிடைத்துவிடும். காற்றில் மிதக்கும் கரித்துகளும் அப்படித்தான் வெயிலை விழுங்குகிறது. இமயப் பனிமேல் படிந்தால் பனி சீக்கிரம் உருகுகிறது.

இரண்டில் எதை முதலில் ஒழிப்பது? (கரூர்)

இரண்டையும் சேர்த்தே. கரியமில வாயு பரம்பரைக் கடன், நூற்றாண்டுகள் நிற்கும். கரி கைமாற்று, புகையை நிறுத்தினால் ஓரிரு வாரத்தில் காற்றை விட்டுப் போய்விடும். கைமாற்றை அடைப்பது எளிது, உடனே பலனும் உண்டு. அதற்காகப் பரம்பரைக் கடன் தீர்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

புகையை எந்தத் தராசில் நிறுப்பது? (தஞ்சாவூர்)

ஒளிதான் தராசு. ஏத்தலோமீட்டர் என்ற கருவி காற்றை இழுத்து ஒரு வடிநாடா வழியே விடும். நாடாவில் கரி படியப் படிய, அதை ஊடுருவும் ஒளி குறையும். அந்தக் குறைவை வைத்துக் கரியின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

நுண்துகளைத்தான் ஏற்கெனவே அளக்கிறார்களே, போதாதா? (மதுரை)

போதாது. நுண்துகள் என்பது பல சரக்கு கட்டிய மூட்டை. அதற்குள் சூடேற்றும் கரியும் இருக்கிறது, குளிர்விக்கும் சல்பேட்டும் இருக்கிறது. மூட்டையின் எடை குறைந்தது என்றால், உள்ளே எது குறைந்தது என்று கேட்க வேண்டாமா? இந்தியாவின் 2009 காற்றுத் தர வரம்புகளில் நுண்துகளுக்கு எண் உண்டு. கரிக்குத் தனி எண் இல்லை.

உலக ஒப்பந்தங்கள் என்ன செய்கின்றன? (கோவை)

1997 கியோட்டோ ஒப்பந்தம் வாயுக்களைப் பட்டியலிட்டது. கரி துகள் என்பதால் அதில் இடம்பெறவில்லை. 2012இல் திருத்தப்பட்ட கோத்தன்பர்க் நெறிமுறை, நுண்துகளைக் குறைக்கும்போது கரி மிகுந்த புகைக்கு முன்னுரிமை தரச் சொன்னது. 2015இல் மெக்சிகோ, 2030க்குள் கரியை 51 சதவீதம் குறைப்பதாகத் தன் பருவநிலை உறுதிமொழியிலேயே எழுதியது. மற்ற நாடுகளும் இப்படி எண்ணோடு எழுத வேண்டும்.

அப்படியானால் என் பாட்டியின் விறகடுப்பும் குற்றவாளியா? (தேனி)

இல்லை. அந்தப் புகையை முதலில் மூச்சில் வாங்கியவரே அவர்தான். விதி டீசல் குழாய்க்கும் செங்கல் சூளைக்கும் போகட்டும்; அடுப்பங்கரைக்குப் போக வேண்டியது உதவி. 2016இல் தொடங்கிய உஜ்வாலா திட்டம் எரிவாயு இணைப்பைத் தந்தது. அடுத்த சிலிண்டரையும் பாட்டியால் வாங்க முடிந்தால்தான் அவர் வீட்டுச் சுவரில் கரி பிடிப்பது நிற்கும்.