நட்சத்திரப் பொருத்தம்

ஏசியில் ஐந்து நட்சத்திர லேபிள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா? – வாசகி, கரூர்

கண்ணை மூடினால் நட்சத்திரம் எப்படித் தெரியும்? லேபிளில் பொடி எழுத்தில் ஓர் ஆண்டு இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். தரக்கணக்கை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய ஐந்து, புதுக் கணக்கில் நான்கோ மூன்றோதான் (சினிமா நட்சத்திரங்களுக்கும் இதே கதி!). கடையில் ‘அதிரடித் தள்ளுபடி’ என்றால் கூடுதல் கவனம்.

அடுத்து, வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண். அது ஏசி 1,600 மணி நேரம் ஓடும் என்று போட்ட கணக்கு. கரூர் வெயிலில் உங்கள் வீட்டு ஏசி அத்தோடு நிற்குமா?

இன்னொன்று: ஏசிக்கு 2010-லேயே கட்டாயமான லேபிள், இரவும் பகலும் சுற்றும் சீலிங் ஃபேனுக்கு 2023-ல்தான் கட்டாயமானது.