மாமாவின் தீர்ப்பும் மருமகனின் தவணையும்

2022 ஜூலை 7ஆம் திகதி இரவு மொன்றியல் பெல் சென்டரில் கூடியிருந்தவர்களில் பெரும்பாலானோர் ஷேன் ரைட் என்ற பெயரைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். ஒன்ராறியோப் பையன், 15 வயதிலேயே விசேட அனுமதியோடு ஜூனியர் லீக்கில் இறங்கியவன். அந்த வருட என்.எச்.எல். ட்ராஃப்டில் முதலாவதாக ஆள் எடுக்கும் உரிமை கனடியன்ஸ் அணியிடம் இருந்தது. அவர்கள் அறிவித்த பெயரோ யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி. ஸ்லோவாக்கியாவின் கொஷிட்சே நகரத்தவன், வயது 18, உயரம் ஆறடி மூன்றங்குலம், முன்வரிசை ஆட்டக்காரன். ரைட் நாலாமிடத்துக்கு இறங்கி சியாட்டிலுக்குப் போனான்.

அன்றிரவு தாக்கலான வழக்கு மூன்று வருடம் கழிந்தும் ஜோன் தலோன் வீதித் தமிழ்த் தேநீர்க் கடையொன்றில் விசாரணையில் இருக்கிறது. நீதிபதிக்குக் கடையில் வைத்த பெயர் அவசரநாதர். சட்டத்தரணி அவருடைய அக்காவின் மகன். அவன் பெயர் தவணைச்செல்வன். ஒருவர் இரண்டாவது பீரியட் முடியும் முன்னரே தீர்ப்பு எழுதிவிடுவார். மற்றவன் எந்தத் தீர்ப்புக்கும் நாலு வருடம் தவணை கேட்பான். இப்படியே போனால் பந்தயம் கட்டுபவர்களுக்குத்தான் நட்டம்.

2025 ஜூலை முதல் கிழமை. ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் புதிய ஒப்பந்தம் தொடங்கும் கிழமை என்பதால் அன்று விசேட அமர்வு. ரோல்ஸ் சுடச்சுட வந்தது. அதைவிடச் சூடாக அவசரநாதர் வந்தார்.

"18 கோல்," என்றார், கதிரையை இழுத்தபடியே. "79 மட்ச் விளையாடி 18 கோல். முந்தின வருசம் 20. முதலாமிடத்தில எடுத்த பெடியன் மேல போக வேணுமோ, கீழ வர வேணுமோ?"

"புள்ளிக்கணக்கில 50இல இருந்து 51க்குப் போயிருக்கிறான், மாமா."

"ஒரு புள்ளி! அதுக்கு வருசத்துக்கு 7.6 மில்லியன் டொலர், அதுவும் எட்டு வருசத்துக்கு. என்ர வீட்டு வாடகையே அதைவிட வேகமாக் கூடுது."

"கையெழுத்தானது போன வருசம் ஜூலை முதலாம் திகதி. அண்டைக்கு இதே மேசையில இருந்து, 'மலிவாப் பிடிச்சிட்டாங்கள், கெட்டிக்காரர்' எண்டு சொன்னது ஆர்?"

மாமாவின் தீர்ப்புகள் எல்லாம் குரல் பதிவுகளாக மருமகனின் கைபேசியில் திகதி வாரியாக இருக்கின்றன. 2022 பெப்ரவரி, பெய்ஜிங் ஒலிம்பிக்: 17 வயதில் ஏழு மட்சில் ஏழு கோல், போட்டியின் மிகச் சிறந்த வீரர் விருது, ஸ்லோவாக்கியாவுக்கு ஐஸ் ஹொக்கியில் முதலாவது ஒலிம்பிக் பதக்கமாக ஒரு வெண்கலம். மாமாவின் தீர்ப்பு: "இவன் மனிசனே இல்லை." 2023 ஜனவரி: 39 மட்சில் 4 கோல், 10 புள்ளி, பிறகு முழங்கால் காயம், பருவம் முடிந்தது. தீர்ப்பு: "இவன் விளையாட்டுக்காரனே இல்லை." 2024 ஏப்ரல் 9: ஃபிலடெல்ஃபியாவை 9-3 என்று அடித்த அன்று ஹட்ரிக். தீர்ப்பு: "நான் அண்டைக்கே சொன்னனான்."

எதை அன்றைக்குச் சொன்னார் என்பதற்கு மட்டும் பதிவு இல்லை.

"பெய்ஜிங்கைப் பற்றிக் கதைக்காத," என்றார் அவசரநாதர். "அந்த முறை என்.எச்.எல். ஆக்கள் ஒருத்தரும் ஒலிம்பிக்குக்குப் போகேல்லை. பெருந்தலையள் இல்லாத இடத்தில ஆரும் ஏழு அடிப்பான்."

"17 வயசில ஆர் அடிச்சது, மாமா? வேற ஒரு ஆளைச் சொல்லுங்கோ."

மாமா ரோல்ஸைக் கடித்தார். வழக்கில் இக்கட்டு வரும்போதெல்லாம் அவர் வாயில் ரோல்ஸ் இருக்கும்.

"சரி, பிழை பெடியனில இல்லை, வளர்த்தவையிலதான்," என்று வேறு வாசலால் வந்தார். "18 வயசுப் பிள்ளையை நேரா என்.எச்.எல்.இல இறக்கினது குற்றம். லவாலுக்கு அனுப்பியிருக்க வேணும்."

இந்த வாதத்தில் சத்து உண்டு. கனடிய ஜூனியர் லீக்கிலிருந்து எடுக்கப்பட்ட 18 வயதுப் பையனை, லீக்குகளுக்கிடையிலான உடன்பாட்டின்படி, பொதுவில் இரண்டாம்தர ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப முடியாது. மேலே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜூனியருக்கே திருப்ப வேண்டும். ரைட்டுக்கு நடந்தது அதுதான்: முதல் வருடம் சியாட்டிலில் எட்டே மட்ச், உலக ஜூனியர் போட்டியில் கனடா அணிக்குத் தலைவனாகித் தங்கம், மறுபடி ஜூனியர். ஸ்லாஃப்கோவ்ஸ்கி ஃபின்லாந்தின் டி.பி.எஸ். கழகத்திலிருந்து வந்தவன். அவனுக்கு அந்தத் தடை இல்லை. கனடியன்ஸின் ஏ.எச்.எல். அணி இருக்கும் லவால், பெல் சென்டரிலிருந்து ஒரு பாலம் கடக்கும் தூரம். கனடியன்ஸ் அவனை அனுப்பவில்லை.

பையனை அவசரமாக இறக்கிக் கெடுத்துவிடுவார்களோ என்ற பயம் நகரத்துக்குப் புதிதல்ல. 2018இல் மூன்றாமிடத்தில் எடுத்த யெஸ்பெரி கொட்கனியெமியையும் 18 வயதில் நேராக இறக்கினார்கள். முதல் வருடம் 34 புள்ளி, ஊர் கொண்டாடியது. பிறகு தேய்ந்தான். 2021இல் கரோலைனா பணத்தைக் காட்டி அழைத்தது, மொன்றியல் தடுக்கவில்லை. அதே 2018 ட்ராஃப்டில் நாலாமிடத்தில் போன பிரேடி கச்சக்கோ ஒட்டாவாவுக்கே தலைவனாகிவிட்டான்.

"லவாலுக்கு அனுப்பச் சொன்னது நான்தான் முதல்," என்றான் தவணைச்செல்வன். "'முதலாமிடத்தானை லவாலுக்கு அனுப்பினால் ஊர் சிரிக்கும்' எண்டது நீங்கள். பதிவு போடட்டோ?"

"வேண்டாம். பற்றரி செலவழியும்."

"அதோட ரைட் போன பருவம் 44 புள்ளி. இவன் 51."

"ரைட் மேல வாறான். அவன்ர வேகத்தைப் பார்."

"51ஐ விட 44 பெரிசோ, மாமா?"

"வாற வேகத்தில பெரிசு."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வெற்றி வாசனை பிடித்த மருமகன் தன் பெரிய சாட்சியைக் கூண்டில் ஏற்றினான். கீ லஃப்ளூர். 1971இல் மொன்றியல் முதலாமிடத்தில் எடுத்த ஆள். ஜோன் பெலிவோ ஓய்வுபெற்ற அதே வருடம் என்பதால், பெலிவோவாகவே நாளை மறுநாள் மாறிவிட வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்தது. முதல் மூன்று பருவத்தில் அவர் போட்டது 29, 28, 21 கோல். அதாவது வருடா வருடம் கீழே. இரண்டாமிடத்தில் டெட்ரோயிட்டுக்குப் போன மார்செல் டியோன் முதல் வருடமே 77 புள்ளி எடுத்துவிட்டார், லஃப்ளூருக்கு 64. டியோனை விட்டது பிழை என்று பேசிய காலம் அது. நாலாவது பருவத்தில் லஃப்ளூர் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு 53 கோல் அடித்தார். அதிலிருந்து தொடர்ந்து ஆறு பருவம் 50 அல்லது அதற்கு மேல். ஐந்து ஸ்டான்லி கிண்ணம்.

"அந்தக் காலத்தில நீங்கள் மொன்றியலில இருந்திருந்தால், மாமா, 1974 வசந்தத்தில லஃப்ளூரை வித்திருப்பியள். ஒரு சாக்கு உருளைக்கிழங்குக்கு."

"லஃப்ளூரைப் பற்றி நீ எனக்குச் சொல்லாத. நான் அவரைக் கண்டனான்."

"நீங்கள் வந்ததே 1987. அவர் 1984இல விட்டிட்டார்."

"திரும்பி வந்தவர்!" அவசரநாதர் எழுந்தே விட்டார். "நியூயோர்க் ரேஞ்சர்ஸ் சட்டையோட. 1989 பெப்ரவரி, ஃபோரம். எங்கட கோலி பற்றிக் ருவாவுக்கு ரெண்டு கோல் அடிச்சவர், 37 வயசில. ஊர் முழுக்க எழும்பி நிண்டு அவருக்குக் கை தட்டினது. உன்ர கைபேசியில அது இருக்கோ?"

இருந்தது, தேடிப் பார்த்துச் சரிதான் என்றான். அன்று மாமாவுக்குக் கிடைத்த முதல் புள்ளி அது. அந்தத் துணிவில் அவரும் தன் சாட்சிகளை அழைத்தார்.

"1980. இதே மொன்றியல், இதே முதலாமிடம். பக்கத்து வீட்டுப் பெடியன் டெனி சவார் இருக்கத்தக்கதா டக் விக்கன்ஹைசரை எடுத்தவை. சவார் மூண்டாமிடத்தில சிக்காகோவுக்குப் போய் 1,338 புள்ளியோட ஹோல் ஒஃப் ஃபேமுக்குள்ள போனவர். விக்கன்ஹைசரை நாலாவது பருவம் முடிய முன்னமே வித்தாச்சு. 1993, ஒட்டாவா, அலெக்ஸாண்ட்ர் டேக்ல். அவருக்குப் பின்னால இரண்டாமிடத்தில போனது கிறிஸ் ப்ரோங்கர். 2012, எட்மன்டன், நைல் யாகுபோவ்: முதல் வருசம் 48 மட்சில 17 கோல், ஆஹா ஓஹோ. 2018க்குப் பிறகு என்.எச்.எல்.இல ஆளே இல்லை. இந்த மூண்டு பேருக்கும் பக்கத்தில உன்னைப் போல ஒருத்தன் நிண்டு, 'பொறுங்கோ, பொறுங்கோ' எண்டு சொல்லியிருப்பான்."

"ஜோ தோர்ன்டன்!" என்றான் மருமகன். "1997, பொஸ்டன், முதலாமிடம். முதல் வருசம் 55 மட்சில ஏழே ஏழு புள்ளி. முடிவில 1,539. போன மாதம்தான் ஹோல் ஒஃப் ஃபேமுக்குத் தெரிவானார். ஜாக் ஹியூஸ், 2019: முதல் வருசம் 21 புள்ளி, நாலாம் வருசம் 99."

"பாத்தியோ? நீ பிழைச்சவங்களை மட்டும் கூப்பிடுறாய். நான் மாண்டுபோனவங்களை மட்டும் கூப்பிடுறன். ரெண்டு பேரும் நேர்மை இல்லாத ஆக்கள்."

அவசரநாதர் வாயிலிருந்து இப்படியொரு நியாயம் வரும் என்று தவணைச்செல்வன் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கினான். ஏற்கெனவே சீனி கரைந்துவிட்ட தேநீர்.

"மாமா, நீங்கள் நட்ட அண்டே கறுத்தக்கொழும்பான் பழம் கேக்கிறியள். அதுதான் பிரச்சினை."

"நட்டது மாவோ பூவரசோ எண்டு எப்ப தெரியும்? அதைச் சொல்லு. தண்ணி ஊத்துறதுக்கு ஒரு கடைசித் திகதி இருக்க வேணும். எதைக் கண்டால் நீ 'சரி, இவன் முதலாமிடத்தான் இல்லை' எண்டு ஒப்புக்கொள்ளுவாய்?"

மூன்று வருடத்தில் முதன்முறையாக வழக்கில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. மருமகன் இம்முறை இலக்கங்களை எடுக்கவில்லை. முதல் வருடம் பையன் பக்கை வாங்கிய பிறகுதான் யார் வருகிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தான், அதனால் பெரிய இடிகள் வாங்கினான். இப்போது வாங்கும் முன்னரே தோளுக்கு மேலால் பார்க்கிறான் என்றான். சுவரோரச் சண்டையில் அந்த உடம்பைப் பாவிக்கத் தெரிந்துவிட்டது, பக்கைப் பிடுங்கி நிக் சுஸுகிக்குக் கொடுக்கிறான், கோல் வாசலில் நின்று கோலியின் கண்ணை மறைக்கிறான் என்றான். 2023-24இல் சுஸுகியோடும் கோஃபீல்டோடும் முதல் வரிசையில் சேர்த்த பிறகுதான் அந்த 20 கோலில் பெரும்பகுதி விழுந்தது என்பதையும் மறைக்கவில்லை.

"அப்ப அவனை வளர்த்தது சுஸுகி," என்றார் மாமா.

"அவனுக்கு இடம் கிடைச்சது. இடத்தை விடாமல் பிடிச்சது அவன்."

"அடிக்கிறானில்லையே! நல்ல சூடு இருக்கு, ஆனால் கோலுக்கு முன்னால நிண்டு மற்றவனைத் தேடுறான். நாலு மட்ச் சிங்கம், அடுத்த நாலு மட்ச் ஆளைக் காணேல்லை."

"அது உண்மை," என்றான் தவணைச்செல்வன்.

கடையே திரும்பிப் பார்த்தது. பையனிடம் ஒரு குறை இருப்பதை மருமகன் ஒப்புக்கொண்டது கடை வரலாற்றிலேயே முதல்முறை.

"அப்ப திகதியைச் சொல்லு."

"24 வயசு. 2028 மார்ச் 30. அதுக்குள்ள அடிக்கிற பழக்கம் வராட்டில், நல்ல ஆட்டக்காரன், ஆனால் முதலாமிடத்தான் இல்லை எண்டு எழுதித் தாறன்."

மாமா பில்லின் பின்பக்கத்தில் திகதியைக் குறித்தார். கையெழுத்து வாங்கப் பேனாவை நீட்டினார். மருமகன் பேனாவை வாங்கி ஒரு வரி சேர்த்தான்: "காயம் ஏதும் வராதவிடத்து." யோசித்து இன்னொன்று: "கோச் மாறாதவிடத்து."

"பாத்தியளோ, பிரிவுக்குள்ள உபபிரிவு போடுறான்!" என்று மாமா கடை முழுவதையும் சாட்சிக்கு அழைத்தார். "கோச் ஆர்? மார்ட்டின் சான் லூயி. ஐந்தடி எட்டங்குலம். ட்ராஃப்டில ஒருத்தரும் எடுக்காத ஆள். எடுக்காத ஆளே ஹார்ட் கிண்ணமும் ஸ்டான்லி கிண்ணமும் வெண்டு ஹோல் ஒஃப் ஃபேமுக்குப் போனார். முதலாமிடத்தில எடுத்தவனுக்கு இவ்வளவு நிபந்தனையோ?"

மேசையைத் துடைக்க வந்த கடைக்காரர் அதுவரை ஒன்றும் பேசவில்லை. ஹொக்கியில் தனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை என்று சொல்லிக்கொள்பவர். "எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்," என்றார். "இந்த வருசம் சிறந்த புதுமுகத்துக்குக் குடுக்கிற கால்டர் கிண்ணம் எங்கட அணிக்குத்தானே வந்தது?"

"லேன் ஹட்சன்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். பின்வரிசைப் பையன். ஐந்தடி ஒன்பதங்குலம். 66 புள்ளி.

"அவனை எப்ப எடுத்தவை?"

மருமகன் கைபேசியைப் பார்த்தான். 2022. அதே ட்ராஃப்ட். அதே பெல் சென்டர். மறுநாள், 62ஆம் இடம். கனடியன்ஸ் அவனுக்கு முன் முதலாம், 26ஆம், 33ஆம் இடங்களில் வேறு மூன்று பேரை எடுத்திருந்தார்கள். மற்ற அணிகளில் பலவும் அவனைப் பார்த்துவிட்டுக் கடந்துபோயிருந்தன. ரைட்டா ஸ்லாஃப்கோவ்ஸ்கியா என்று ஊர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளில், ஹட்சனைப் பற்றி மாமாவின் குரல் பதிவு ஒன்றுகூட இல்லை; மருமகனும் ஒரு வார்த்தை அனுப்பியிருக்கவில்லை.

"மூண்டு தரம் விட்டிட்டு நாலாந்தரமோ எடுத்தவங்கள்?" அவசரநாதருக்கு முகம் சிவந்துவிட்டது. "62இல கிடந்தவனை முதலாமிடத்திலேயே எடுத்திருக்க வேணும்! இந்த முகாமையாளர்மாருக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் அண்டைக்கே..."

"அவசரப்படாதேங்கோ, மாமா," என்றான் தவணைச்செல்வன். "ஹட்சனுக்கு இது முதல் வருசம்தானே. ஒரு நாலு வருசம் விட்டுப் பாப்பம்."

கடைக்காரர் புது பில் ஒன்றை எழுதி மேசையில் வைத்தார். பழையதில் எழுத இடம் இருக்கவில்லை.